மாத்திரைப் பசி

மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்ட நோயாளிகளைப் பற்றி நீங்கள் எழுதும் காரணங்கள் எனக்கு மனப்பாடம். அறியாமை, அலட்சியம், ஒத்துழைப்பு இல்லை. இவற்றைத் தாண்டி வேறொரு காரணம் எழுதிய ஆளை நான் பார்த்ததில்லை. போன மாதம் உங்கள் காசநோய்ப் பணியாளர் பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தபோது ஒரு தம்பி எழுந்து, "மேடம், இந்த ஜனங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது" என்றார். எனக்கு வந்ததே கோபம்! ஓய்வுபெற்ற கிழவி, விருந்தாளியாக வந்த இடத்தில் கத்தினால் நன்றாக இருக்காதென்று டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அந்தத் தம்பிக்கு அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். மற்றவர்களும் சேர்ந்து படியுங்கள், நஷ்டமில்லை.

எண்பதுகளின் நடுவில் பாலக்கோட்டுப் பக்கம் ஒரு சிறிய அரசு காசநோய்ப் பிரிவில் நான் ஹெல்த் விசிட்டராக இருந்தேன். சளி வாங்குவது, மாத்திரை கொடுப்பது, வராதவர்களை ஊர் ஊராகத் தேடிப் போவது, இவைதான் வேலை. போகிற ஊரிலெல்லாம் என்னை நர்சம்மா என்பார்கள். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். கழுத்தில் சிலுவைச் சங்கிலி கிடக்கும். எங்களுடையது காடு கழனி பார்க்கிற கிறிஸ்தவக் குடும்பம். அதனால் 'மாதாகோயில் நர்சம்மா' என்றும் சிலர் சொல்வார்கள். கோபக்காரி என்ற பெயரும் இருந்தது. அது ஒன்றும் பொய்யில்லை.

அப்போதுதான் புது டி.பி. மாத்திரைகள் எங்கள் பக்கம் எட்டிப்பார்க்க ஆரம்பித்திருந்தன. முன்பு வருடக்கணக்கில் இழுத்த வைத்தியம் சில மாதங்களில் முடிந்துவிடும். ஆனால் வந்தது கொஞ்சம்தான். ஒருவருக்கு ஆரம்பித்தால் முடிகிற வரைக்கும் அவருக்கென்று எடுத்துவைக்க வேண்டும். வெளியே பெஞ்சில் இன்னும் பலர் இருமிக்கொண்டு காத்திருப்பார்கள். பாதியில் விட்டால் மாத்திரை வீணாவது மட்டுமல்ல, கிருமி அந்த மருந்துக்கே பழகிவிடும். அப்புறம் கடவுளே வந்தாலும் கஷ்டம். எங்கள் டாக்டர் இளைஞர். நல்ல மனிதர், கெட்டிக்காரர். பாதியில் விடுகிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது.

மாரண்டஹள்ளிக்கு மேற்கே ஒரு ஊர். பெயர் சொல்ல மாட்டேன், இன்னும் அந்தக் குடும்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. அந்த ஊரிலிருந்து ஒரே மாதத்தில் இரண்டு பேருக்குப் புது மாத்திரை ஆரம்பித்தோம்.

ஒருத்தி மாதம்மா. ஊரின் கடைசித் தெருவில் குடிசை, சொந்த நிலமென்று ஒரு முழம் கிடையாது. புருஷன் கட்டட வேலைக்கென்று பெங்களூர் போனவன், வந்தால்தான் வந்தான். இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தக்காளிக் காட்டில் களை வெட்டி, பழம் பறித்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. பார்த்தால் ஐம்பது சொல்லலாம்.

இன்னொருவன் அந்தத் தக்காளிக் காட்டுக்குச் சொந்தக்காரரின் ஒரே மகன். மணியகாரர் வீடு என்பார்கள். ஊரில் வரி வசூலிக்கும் அந்தப் பதவியே ஒழிந்துபோன பிறகும் ஊருக்கு அவர் மணியகாரர்தான். மகனைச் சேலத்தில் பெரிய டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர், "அரசாங்க மாத்திரைதான் நல்ல மாத்திரை, பாலக்கோட்டுப் பக்கமே வாங்கிக்கோங்க" என்று அனுப்பிவிட்டார். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு மணியகாரம்மா மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் பின்வாசல் வழியாக வருவார். முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நர்சம்மா, வெளிய தெரிஞ்சா எங்க மானம் போயிரும். பையனுக்கு மொரப்பூர்ப் பக்கம் பொண்ணு பேசியிருக்கோம். உங்க வாய்லேர்ந்து ஒரு வார்த்த வரக் கூடாதுங்க."

"என் வாயிலிருந்து வராதும்மா" என்றேன்.

மாதங்கள் போயின. அவன் கன்னம் உப்பிக்கொண்டு வந்தான். சளியில் கிருமி போய்விட்டது. மாதம்மா முதலில் கொஞ்சம் தேறினாள், அப்புறம் மறுபடி வற்ற ஆரம்பித்தாள். அவள் சளியில் கிருமி இன்னும் இருந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரே ஊர், ஒரே மாத்திரை, ஒரே மாசத்துல ஆரம்பிச்சது. அவன் தேறிட்டான். இவ தேறலை. மாத்திரை ஆள் பாத்தா வேலை செய்யுது? இவ சாப்பிடறதில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு அடுத்த சந்தை நாள் வரைக்கும் டைம். இனிமே ஒழுங்கா சாப்பிடுவான்னு நீங்க பொறுப்பேத்துக்கிட்டா மிச்சத்தைத் தரேன். இல்லேன்னா அவ பங்கை வெளிய இருமிக்கிட்டிருக்கிறவங்கள்ல ஒருத்தருக்குக் கொடுத்துடுவேன்."

அவரைத் தப்புச் சொல்லாதீர்கள். வெளியே இருமிக்கொண்டிருந்தவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் அந்த மாத்திரை நின்றால் மாதம்மா பிழைக்க மாட்டாள். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அன்றைக்கே பஸ் பிடித்தேன். மாதம்மா அப்போதுதான் காட்டிலிருந்து வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். "மாத்திரை சாப்பிடறியா?" என்றால், "தெனம் சாப்புடறேனுங்க" என்றாள். நான் ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து ஒன்றுக்குப் பிடித்துவரச் சொன்னேன். புது மாத்திரைகளில் ஒன்று சிவப்பு, அது உள்ளே போயிருந்தால் சிறுநீரும் சிவந்து வரும். இது எங்கள் தொழில் தந்திரம். அவள் கொண்டுவந்தது கிணற்றுத் தண்ணீர் போல இருந்தது.

"ஏம்மா, யாரை ஏமாத்தறே? என்னையா, எமனையா? மாத்திரையெல்லாம் எங்க?"

அவள் உள்ளே போய் ஒரு சின்னப் பானையை எடுத்துவந்தாள். துணி சுற்றி, மாத்திரைகளைப் பத்திரமாக வைத்திருந்தாள். "எறியலைங்க. அரசாங்கம் குடுத்தத எறிவாங்களா?" என்றாள்.

வாந்தி வருகிறதா, தலை சுற்றுகிறதா, நாட்டு மருந்துக்காரன் எவனாவது நிறுத்தச் சொன்னானா, அக்கம்பக்கத்துக்குப் பயமா என்று அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றாள். நான் குரலை உயர்த்திவிட்டேன். சத்தம் கேட்டுப் பக்கத்துக் குடிசையிலிருந்து ரங்கம்மா வந்தாள். மாதம்மாவோடு சேர்ந்து காட்டு வேலைக்குப் போகிறவள், தடித்த உடம்பு, அதைவிடத் தடித்த குரல். அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. கோபம் வந்தால் அதுதான் முதலில் வரும்.

"செப்பவே!" என்று மாதம்மாவை அதட்டினாள். "சொல்லேன்டி! வெக்கப்பட்டே சாவப் போறியா?"

மாதம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அத முழுங்குனா பசிக்குதுங்க நர்சம்மா."

எனக்கு விளங்கவில்லை. "பசிச்சா நல்லதுதானே?"

"நல்லதுதானுங்க, சோறு இருக்கறவங்களுக்கு. நோவு வந்தப்ப எனக்குப் பசியே இல்லீங்க. ஒரு உருண்ட களி கிண்டுனா புள்ளைங்க ரெண்டும் தின்னும், எனக்குத் தண்ணி போதும். இந்த மாத்திரைய ஆரம்பிச்சதும் வவுறு கபகபன்னு எரியுது. ஒரு நா, இருந்த களி அத்தனையும் நானே தின்னுபுட்டேன். புள்ளைங்க ரெண்டும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்துச்சுங்க. மதியம் பள்ளிக்கூடத்துல சத்துணவு தின்னுதுங்க, செரி, ராத்திரிக்கு? மாத்திரைய வுட்டா பசி அடங்கிருதுங்க. அதான் வுட்டுட்டேன்."

டி.பி. பசியைக் கொல்லும். மருந்து வேலை செய்தால் பசி திரும்பி வரும். நோயாளி, பசிக்கிறது என்றால் எங்கள் டாக்டர் சந்தோஷத்தில் மேஜையைத் தட்டுவார். அதே பசியைத்தான் மணியகாரம்மா பின்வாசலில் நின்று பெருமையாகச் சொல்வார். "நாலு வேள கேக்கறானுங்க. முட்ட, ஆட்டுக்கால் சூப்பு, எதப் போட்டாலும் பத்தல." ஒரே மாத்திரை, ஒரே பசி. அந்த வீட்டில் அதற்குச் சமையல்கட்டு பதில் சொன்னது. இந்த வீட்டில் பதில் சொல்ல எதுவுமில்லை, மாத்திரையை நிறுத்துவதைத் தவிர. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை மறைக்க இன்னும் இரண்டு திட்டு திட்டினேன்.

"முன்னெல்லாம் மணியகாரர் காட்டுல பொழுது ஏறுனா கூழு ஊத்துவாங்க நர்சம்மா" என்றாள் ரங்கம்மா. "தக்காளி வந்துச்சு, லாரி வந்துச்சு, கூலியக் காசாக் குடுத்துடறோம்னுட்டாங்க. கூழு நின்னுபோச்சு. மழையும் ஏமாத்திருச்சு. காசு எந்தப் பக்கம் போவுதுன்னே தெரியல."

எங்கள் வீட்டில் கேழ்வரகு இருக்கிறது, வாராவாரம் கொண்டுவருகிறேன் என்றேன். மாதம்மா மறுத்துவிட்டாள். "நீங்க மாத்தலாயிப் போயிட்டா? அதுவுமில்லாம நர்சம்மா எதுக்கு இவளுக்குக் கேவுரு தூக்கியாறாங்கன்னு நாலு பேரு கேப்பாங்க. நோவு தெரிஞ்சா காட்டுல ஏத்த மாட்டாங்க. அப்புறம் புள்ளைங்க கதி?" பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் சாப்பாடு போடுவார்களே என்றேன். "புள்ளைங்களயும் சேத்துக்குவாங்களா?" என்றாள்.

ரங்கம்மாதான் திடீரென்று கையைத் தட்டினாள். "ஏன்டி, ஆடி மாசந்தானே இது? ஆத்தாளுக்கு மடியேந்தேன்!"

உங்களில் பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வீட்டில் யாருக்காவது தீராத நோவு வந்தால் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மடிப்பிச்சை எடுப்பார்கள். மஞ்சள் நனைத்த சேலை, கையில் வேப்பிலை, வீடு வீடாகப் போய் முந்தானையை ஏந்தி நிற்பது. பெரிய பணக்கார வீட்டுப் பெண்களும் எடுப்பார்கள். அதில் கேவலம் கிடையாது. என்ன நோவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆத்தா பெயரைச் சொல்லி வந்தவளுக்கு இல்லையென்று கதவைச் சாத்தவும் மாட்டார்கள். வந்த தானியத்தில் கூழ் காய்ச்சி அம்மனுக்குப் படைத்து ஊருக்கு ஊற்றுவது வழக்கம். ரங்கம்மா ஓடிப்போய்ப் பூசாரியைக் கேட்டுவந்தாள். "மொதப் பானை ஆத்தாளுக்கு, ஊருக்கு. மீதிய அவ வூட்டுக்குக் கொண்டுபோவட்டும். நோவு தீர்றதுக்குத்தானே மடியேந்தறது" என்று சொல்லிவிட்டாராம் அந்த மனிதர்.

"நீங்களும் கூட வாங்க நர்சம்மா. நீங்க வந்தாத்தான் இவ பாதியில ஓடாம இருப்பா. ஆத்தா காரியத்துல யாரு கூட வந்தாலும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

எனக்கு யோசனை. கழுத்தில் சிலுவை, வாங்குவது அரசாங்கச் சம்பளம், போவது மாரியம்மன் மடிப்பிச்சைக்கு! ஆனாலும் வருகிறேன் என்றுவிட்டேன். பிற்பாடு எங்கள் பங்குச் சாமியாரிடம் தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். "இப்ப மாத்திரைய ஒழுங்கா சாப்பிடறாளா?" என்று மட்டும் கேட்டார், வேறொன்றும் சொல்லவில்லை. அன்று நான் குடிசையை விட்டுக் கிளம்புவதற்கு முன் மாதம்மா என் எதிரிலேயே மாத்திரையை முழுங்கினாள். மிச்சத்தையும் தவறாமல் முழுங்க வைப்பதாக ரங்கம்மா சத்தியம் செய்தாள். அவளிடம் சத்தியம் வாங்கினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். முன்னால் மாதம்மா மஞ்சள் சேலையில், பக்கத்தில் முறத்தோடு ரங்கம்மா, பின்னால் நான். "மாரியாத்தா மடிப்பிச்ச தாயே!" என்று ரங்கம்மா போட்ட சத்தத்தில் தெருநாய்களெல்லாம் எழுந்துகொண்டன. மாதம்மாவுக்குத் தலையே நிமிரவில்லை. ஆனால் ஒரு வீட்டில்கூட இல்லை என்று சொல்லவில்லை. கேழ்வரகு, கம்பு, கொஞ்சம் அரிசி என்று முந்தானை கனக்கக் கனக்க அவள் நடையே மாறியது. மடி நிறைந்தால் முறத்தில் கொட்டுவாள், மறுபடி ஏந்துவாள். சில வீடுகளில் பெண்கள் அவள் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். நானும் ஜெபமாலையை மனசுக்குள் உருட்டிக்கொண்டே போனேன்.

கோயில் வாசலுக்கு வந்தோம். கூழ்ப்பானை வைக்க அடுப்பு தயார். பெண்கள் கூட்டமாக முறங்களோடு நின்றார்கள். எதிரே மணியகாரர் வீடு. அவர் நாலு பேரோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நில்லும்மா. என்னா நோவுக்கு மடியேந்தறே?"

கேட்கக் கூடாத கேள்வி அது. கூட்டமே சலசலத்தது. ரங்கம்மா சீறினாள். "ஆத்தா பேரச் சொல்லி வந்தவள நோவு கேக்கலாமுங்களா?"

"நீ வாய மூடு. டி.பி. ஆஸ்பத்திரி நர்சம்மா பின்னாடியே வர்றாங்க, எனக்குத் தெரியாதா? இருமல் நோவு. இவ தொட்ட தானியத்துல காய்ச்சுன கூழ ஊரே குடிக்கணுமா? நாளையிலேர்ந்து நம்ம காட்டுப் பக்கம் இவ வரக் கூடாது. சொல்லிட்டேன்."

முன்னால் நின்ற ஒரு பெண் நீட்டிய முறத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. மாதம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடிப்பு விட்டிருந்தால் அத்தனை தானியமும் மண்ணில் கொட்டியிருக்கும். அதோடு எல்லாம் முடிந்திருக்கும்.

பிள்ளைகளா, என் உடம்பில் ரத்தம் கொதித்த கொதிப்பு இருக்கிறதே! இவர் மகன் அதே நோவுக்கு அதே மாத்திரையை என் கையால் வாங்கிச் சாப்பிடுகிறான். அது இவருக்கும் தெரியும். தன் வீட்டுப் பக்கம் யார் பார்வையும் திரும்பக் கூடாதென்றுதான் இத்தனை சத்தம். 'உங்க மவன் எப்படிங்க இருக்கார்?' என்று நான் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், மனிதர் சுருண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினேன். நம்மிடம் நோயாளி சொல்வது நாம் செலவு பண்ணுவதற்கல்ல, எவ்வளவு நல்ல காரியத்துக்கானாலும். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் எங்களிடம் சளி கொடுக்க வந்திருக்க மாட்டார்கள். உங்கள் வேலையில் ஊசி போடுவதைவிட, கணக்கு எழுதுவதைவிடக் கஷ்டமான இடம் இதுதான்.

நான் சொன்னதெல்லாம் இவ்வளவுதான். "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா இந்த நோவு அடுத்தவங்களுக்கு ஒட்டாதுங்க. கூழால பரவவே பரவாது." யார் காதிலும் அது ஏறவில்லை.

அப்போது மாதம்மா தலையை நிமிர்த்தினாள். அன்று காலையிலிருந்து அவள் முகத்தை நான் முழுசாகப் பார்த்தது அப்போதுதான்.

"ஆமாங்க. இருமல் நோவுதான். மறைக்கலைங்க. மாத்திரை தின்னா தீந்துரும்னு டாக்டரு சொல்றாரு. ஆனா மாத்திரை தின்னா பசிக்குது. பசிச்சா திங்க எங்கிட்ட இல்ல. அதான் ஆத்தா வாசல்ல மடியேந்தி நிக்கறேன். நான் செத்தா எம்புள்ளைங்க உங்க வாசல்லதான் வந்து நிக்கணும். நான் பொழச்சா உங்க காட்டுல வேல செய்வேன். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

மணியகாரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அதெல்லாம்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அவர் வீட்டு வாசலில் ஏதோ அரவம். மணியகாரம்மா வந்துகொண்டிருந்தார். இரண்டு கையாலும் தூக்க முடியாமல் ஒரு பெரிய முறம், நிறையக் கேழ்வரகு. வேலைக்காரி பிடிக்க வந்ததை வேண்டாமென்று தலையசைத்துவிட்டார். நேராக மாதம்மா எதிரில் வந்து நின்றார்.

"ஏந்தும்மா."

"ஏய்! உள்ள போ!" என்றார் மணியகாரர்.

அந்தம்மா திரும்பிப் புருஷனைப் பார்த்தார். கத்தவில்லை. ஆனால் கோயில் வாசல் முழுக்கக் கேட்டது.

"இந்த மாத்திரைப் பசி எனக்குத் தெரியுமுங்க. நாலு வேள சோறு போட்டும் நம்ம பையனுக்கு அடங்கலையே, மறந்துட்டீங்களா? அவனும் இதே மாத்திரதான் திங்கறான். இவளுக்கு இருக்கற நோவுதான் அவனுக்கும். நம்ம வூட்டுல சோறு இருந்துச்சு, தேறிட்டான். இவ வூட்டுல இல்ல."

முறத்தை அப்படியே மாதம்மாவின் மடியில் சாய்த்தார். கேழ்வரகு சரசரவென்று விழுந்தது. பேசியிருந்த சம்பந்தம், குடும்ப மானம், பின்வாசல் வழியாக வந்துபோன அத்தனை நாள் மறைவு, எல்லாவற்றையும் அந்தம்மா ஊர் நடுவில் போட்டுவிட்டார். அடுத்த நிமிஷம் ரங்கம்மா போட்ட குலவையில் காது அடைத்துவிட்டது! பின்னால் இழுத்த முறங்கள் எல்லாம் முன்னால் வந்தன. ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு கொட்டினார்கள். மடி தாங்கவில்லை, முறம் தாங்கவில்லை, கடைசியில் பூசாரி சாக்கு கொண்டுவந்தார். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. முதல் பானைக் கூழில் எனக்கு ஒரு செம்பு ஊற்றினார்கள். மணியகாரருக்கும் ஊற்றினார்கள். குடித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன செய்வார்?

சந்தை நாளன்று டாக்டர் எதிரே போய் நின்றேன்.

"நான் பொறுப்பேத்துக்கிறேன் டாக்டர். மாத்திரையைக் கொடுங்க."

"எதை நம்பி?"

"அவ வீட்டுல இப்ப கேழ்வரகு இருக்கு."

மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். அப்புறம் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு நோயாளியிடமும் நெஞ்சில் குழாயை வைப்பதற்கு முன்பே, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். பதிலைக் கேட்டுக் கோபப்படுவார். ஆனால் கோபம் நோயாளி மேல் போகாது. மேலிடத்துக்கு, கலெக்டர் ஆபீசுக்கு, சத்துணவு அதிகாரிகளுக்கு என்று சண்டை போட்டுக்கொண்டே இருப்பார். சிலது பலித்தது, பலது பலிக்கவில்லை.

மடிப்பிச்சைத் தானியம் எத்தனை நாளைக்கு வரும் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். பிச்சையால் ஒரு ஊரின் பட்டினி தீராது. எனக்கும் அது தெரியும், மணியகாரம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அடுத்த வாரமே அவர் தங்கள் காட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்குப் பழையபடி கூழ் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். கூலியில் பிடித்துக்கொள்ளாமல். "தக்காளி விக்கிற வெலைக்குக் கூழு வேறயா?" என்று மணியகாரர் புலம்பினாராம். விஷயம் தெரிந்ததும் பக்கத்துக் காட்டில் ரங்கம்மாவும் அவள் கூட்டாளிகளும் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டார்கள். "எங்களுக்கும் ஊத்துனாத்தான் எறங்குவோம்." களை மண்டிக்கொண்டிருந்த நேரம். பொழுது சாய்வதற்குள் அங்கேயும் அடுப்பு மூட்டிவிட்டார்கள். அப்புறம் அந்தப் பக்கம் ஒவ்வொரு காடாகக் கூழ் திரும்பி வந்தது. அந்த வருடம் அந்த ஊரில் எடை ஏறியது மாதம்மா மட்டுமல்ல. காட்டு வேலைக்குப் போன பிள்ளைத்தாய்ச்சிகள்கூடத் தேறியிருந்ததாக அங்கே பிரசவம் பார்க்கும் நர்ஸ் என்னிடம் சொன்னார். அவர் நிஜ நர்ஸ்.

மணியகாரர் மகன் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது, நின்றுபோகவில்லை. மருந்து முடிந்து டாக்டர் சுகம் என்று சொன்னதும் மொரப்பூர்க்காரர்களே வந்து நாள் குறித்தார்கள். இன்னொரு விஷயம். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எங்கள் பின்வாசல் வழியாக யாரும் வரவில்லை. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து இருமலோடு வந்தவர்களெல்லாம் முன்வாசலிலேயே வந்து, "மணியகாரர் பையனுக்குக் குடுத்தீங்களே, அந்த மாத்திர" என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

மாதம்மாவின் கடைசிச் சளிப் பரிசோதனை வந்த நாள். கிருமி இல்லை. டாக்டர் அவளை உட்காரவைத்து, ஏதோ பரிசு கொடுப்பதைப் போல நிதானமாகச் சொன்னார்.

"முடிஞ்சுபோச்சும்மா. நோய் போயிடுச்சு. இனிமே மாத்திரை வேண்டாம்."

அவள் கேட்டாள்.

"அப்ப இனிமே பசிக்காதுங்களா டாக்டரு?"

டாக்டர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"பசிக்கும்மா. இனிமே தினமும் நல்லாப் பசிக்கும்."

மாதம்மா எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நிமிர்ந்து நின்றபோதுதான் தெரிந்தது, அவள் நல்ல உயரம்.

"பசிக்கட்டும் சாமி, நல்லாப் பசிக்கட்டும்" என்றாள். "புள்ளைங்க தின்ன பொறவும் பானையில மிச்சமிருக்குது."